முனையில் நிற்க வேண்டியவள்

தாய்லாந்தில் பைக் ஓட்டிவிட்டு வந்தோம் என்று சொன்னால், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கேட்கிற முதல் கேள்வி, "இங்கேருந்தேவா ஓட்டிக்கினு போனீங்க?" என்பதுதான். நடுவில் கடல் என்று ஒன்று இருக்கிறதே என்றால், "அட, ஆமால்ல" என்பார்கள். இரண்டாவது கேள்வியை என்னிடம் தனியாக, குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார்கள். "சாருக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணீங்களே, அதை வெச்சுக்கினு எப்படி ஓட்டினாரு?" அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஜோராக ஓட்டினார் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முழுக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மானம் போவது அவருக்கில்லை, எனக்கு.

என் கணவர் பள்ளிக்கரணையில் பிறந்தவர். நெல் போட்ட குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடை, வாடகை என்று உட்கார்ந்துவிட, இவர் மட்டும் மெஷின் பைத்தியம் பிடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். பத்தொன்பது வயதில் பைக் ஓட்ட ஆரம்பித்தவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டலூர், கேளம்பாக்கம் என்று ஒரு சுற்று போய்விட்டு வந்தால்தான் அவருக்கு வாரம் முடியும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோயில் குளம்கூட அதிகம் கிடையாது. இருக்கிறது ஒரே ஒரு பைக். அதைத் துடைக்கிற துணியை நான் கைப்பிடித் துணியாக எடுத்துவிட்டேன் என்று ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

அவர் போய் வருகிற அந்த மூன்று மணி நேரம் எனக்கு எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. மணல் லாரி, தண்ணி லாரி, குறுக்கே பாயும் மாடு, எல்லாம் என் அடுப்படிக்குள் வந்து போகும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிற வரை காது தெருவிலேயே இருக்கும். இத்தனைக்கும் நானும் வண்டி ஓட்டுகிறவள்தான். சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. இருபத்தைந்து வருஷமாக ஸ்கூட்டரில், ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் நுழைந்து போய் வருகிறேன். நான் ஓட்டும்போது எனக்குப் பயமே வராது. அவர் ஓட்டும்போதுதான் வரும்.

போன வருஷம் ரிடையர் ஆனார். ஆன கையோடு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். மூன்று மாசம் வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மனிதர் தினமும் காலையில் கறுப்புக் கண்ணாடியோடு வாசலுக்குப் போய், பைக்கை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் உறும விட்டு, அணைத்துவிட்டு உள்ளே வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த மூன்று மாசமும் என் ஞாயிற்றுக்கிழமைகள் நிம்மதியாக இருந்தன. உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன மறுவாரமே ஒரு பைக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டார். மேடவாக்கத்தில் ஒரு தம்பி அதை நடத்துகிறார். நாற்பது வயசிருக்கும், ஆளைப் பார்த்தால் மல்யுத்த வீரர், பேச்சு பஞ்சு. அவர்தான் மே மாசம் தாய்லாந்துக்கு எட்டு நாள் டூர் என்றார். அங்கே போய் இறங்கி, வாடகை வண்டி எடுத்து, வடக்கே மலைப்பாதையில் ஒரு பெரிய சுற்று. வழிகாட்டி முன்னால், மற்றவர்கள் பின்னால்.

"வெளிநாட்டு ரோட்டுல ஒரு தபா ஓட்டணும்டி. அவ்ளோதான். அப்புறம் ஒண்ணுமே கேக்க மாட்டேன்" என்றார் இவர். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் அவர் கேட்டதே குறைவு.

பெங்களூரில் இருக்கிற எங்கள் மகள் போனிலேயே குதித்தாள். "அப்பா, ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகலப்பா!" இவர் கண் டாக்டரிடம் கடிதமே வாங்கிவந்து குழுத் தம்பியிடம் நீட்டினார். தம்பி அதைப் படித்துவிட்டு, "ஓகே சார். ஆனா ஒரு கண்டிஷன். அங்க மலைல வளைவு ஜாஸ்தி. உங்க பார்வைல எனக்கு ஒரு சின்ன டவுட் வந்தாலும் வண்டிய வாங்கிடுவேன். பிக்கப்ல உக்காந்து வரணும். கோச்சுக்கக் கூடாது" என்றார்.

"டீல்" என்றார் இவர்.

"நானும் வரேன்" என்றேன் நான். பின்னால் உட்கார்ந்தா என்று தம்பி கேட்டார். பின்னால் உட்கார நான் என்ன மூட்டையா? தனி வண்டி வேண்டும் என்றேன். ஊர் சுற்ற ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டால் பயம் பாதியாகக் குறையும் என்பதுதான் என் கணக்கு.

சியாங் மாய் என்ற ஊரில் போய் இறங்கினோம். ஏழு பேர். எனக்குக் கியர் இல்லாத பெரிய ஸ்கூட்டர் கிடைத்தது. உட்கார்ந்தால் சோபா மாதிரி இருந்தது. அங்கேயும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் ஹாரனில்தான். அந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை! முதல் நாள் முதல் பத்து நிமிஷத்தில் நான் பழக்க தோஷத்தில் நாலு தடவை அடித்துவிட்டேன். முன்னால் போன ஒரு பெரியவர் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டி, என்ன உதவி வேண்டும் என்று கையைக் கூப்பிக்கொண்டு இறங்கி வந்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு இரவல் வாங்கிய அடக்கத்தோடுதான் அதற்கப்புறம் ஓட்டினேன்.

எங்களோடு வந்தவர்களில் மேடவாக்கத்துக் கம்ப்யூட்டர் பையன்கள் இரண்டு பேர். பையன்கள் என்கிறேனே தவிர, ஆளுக்கொரு குழந்தை இருக்கிறது. ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. என்னை ஆன்ட்டி என்றும் அவரை அங்கிள் என்றும் கூப்பிட்டார்கள். தம்பி மட்டும் அக்கா, சார் என்பார், அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது. எல்லோருக்கும் கடைசியாக ஒரு தாய்லாந்துக்காரர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. அவருக்கும் பின்னால் பிக்கப் வண்டி, எங்கள் மூட்டை முடிச்சுகளோடு. அதில் நான் கொண்டுபோன புளிக்காய்ச்சல் பாட்டிலும் வந்தது. இரண்டாம் நாளே அந்தத் தாய்லாந்துக்காரர் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது புரிந்தால்தான் மேலே கதை புரியும். குழுவாகப் போகும்போது யாரும் வழி தவறாமல் இருக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முன்னால் போகிற வழிகாட்டி, அதாவது தம்பி, எந்த முனையில் திரும்பினாலும், அவருக்கு அடுத்து வருகிற ஆளை அந்த முனையில் நிறுத்திவிட்டுப் போவார். அந்த ஆளுக்கு மார்க்கர் என்று பெயர். பளீர் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டித் திருப்பிவிட வேண்டும். கடைசி ஆள் வந்த பிறகு அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். முனையில் மஞ்சள் சட்டை இல்லையென்றால் நேராகப் போகவேண்டும் என்று அர்த்தம்.

"நிக்கச் சொன்ன இடத்துல நில்லுங்க. வெயிலோ மழையோ, ஒரு அடி நகரக்கூடாது" என்று தம்பி தினமும் காலையில் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவோம்.

மூன்று நாள் அமர்க்களமாகப் போனது. என் கணவரை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை அத்தனை பதமாகச் சாய்த்து எடுத்தார். நெட்டையும் குட்டையும், "அங்கிள், நீங்க முன்னாடி போங்க, உங்க லைனைப் பாத்து நாங்க வரோம்" என்று அவர் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றினால் இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே திருஷ்டி சுற்றிப் போடலாம் போல இருந்தது.

நான்காம் நாள். மே ஹோங் சோன் என்ற ஊரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தோம். நடுப்பகல். ஒரு சின்ன ஊர் தாண்டி ஒரு முனை. அங்கே இடது பக்கம் திரும்பி மலை ஏற வேண்டும். அன்றைக்குத் தம்பிக்கு அடுத்தது நான். "அக்கா, இங்க" என்று கை காட்டி என்னை நிறுத்திவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். மற்றவர்கள் ஐந்து நிமிஷம் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

வெயில் என்றால் வெயில், மண்டையைப் பிளக்கிற வெயில். முனையில் ஒரு பொட்டு நிழல் இல்லை. ஆனால் திரும்புகிற சாலையில் முப்பது அடி உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், குடை விரித்து நின்றது.

தாம்பரம் பக்கம் மே மாசம் சிக்னலில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தால் கோட்டருகே ஒரு வண்டி நிற்காது. எல்லோரும் ஐம்பது அடி முன்பே, எந்தப் பேனர் நிழல், எந்த மர நிழல் கிடைக்கிறதோ அதில் கொத்தாக ஒண்டிக்கொள்வோம். பச்சை விழுந்ததும் மொத்தமாகப் பாய்வோம். இருபத்தைந்து வருஷத்தில் அது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் போய்விட்டது. வெயிலில் நின்றால் கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கி நிழலுக்குப் போய்விடும். அன்றைக்கும் போய்விட்டது.

சரி, இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அந்த மஞ்சள் சட்டை வேறு புழுங்கியது, அதையும் கழற்றி ஹேண்டிலில் மாட்டினேன். தண்ணீர் பாட்டிலைத் தேட சீட்டைத் தூக்கிக் குனிந்தேன். முதல் மடக்கு குடிக்கும்போது சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மூன்று வண்டிகள், சர் சர் சர்ரென்று, முனையைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தன. முதல் வண்டி என் கணவர். அவர் பின்னால் நெட்டை. அவன் பின்னால் குட்டை.

"ஏங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த வேகத்துக்கும் அந்த ஹெல்மெட்டுக்கும் என் கத்தல் எங்கே கேட்கும்? சட்டையை மாட்டிக்கொண்டு முனைக்கு வந்து மூச்சிரைக்க நின்றபோது மற்ற இரண்டு பேரும் வந்தார்கள், சரியாகத் திரும்பினார்கள். கடைசியாகத் தாய்லாந்துக்காரர் வந்தார். மூன்று விரலைக் காட்டி, நேராகக் கையை நீட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பறந்தார்.

தம்பி திரும்பி வந்தார். நான் முனையில், நிறுத்திய இடத்தில், மஞ்சள் சட்டையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க இங்கயேதானே நின்னீங்க?"

"ஆமா தம்பி."

வாய் முந்திக்கொண்டது. நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

இரண்டரை மணி நேரம். அந்த மலைக்குள் போன் எடுக்கவில்லை. நேரே போனால் பர்மா எல்லைப் பக்கம் என்று தம்பி சொன்னபோது எனக்கு உயிரே இல்லை. பள்ளத்தாக்கு, லாரி, அந்தக் கண், என்னவெல்லாமோ வந்துபோயிற்று. கடைசியில் ஒரு சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து வைத்திருந்தார்களாம். தாய்லாந்துக்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். நெட்டையும் குட்டையும் ஏதோ பிக்னிக் போய் வந்த குஷியில் இருந்தார்கள். இவர் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் தங்கிய விடுதியில் சாப்பாட்டு மேஜையில் தம்பி பேச்சை எடுத்தார். பேச்சு பஞ்சுதான், ஆனாலும் எடுத்தார்.

"நாங்க அங்கிள் டெயில் லைட்டைத்தான் பாத்துட்டு வந்தோம்" என்றான் நெட்டை. "ஆன்ட்டி நின்னதை நாங்க கவனிக்கல."

"சார், நீங்க?"

இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முனையைப் பாத்தேன் தம்பி. நல்லாத்தான் பாத்தேன். யாரும் நிக்கலன்னுதான் எனக்குத் தோணிச்சு." தட்டைத் தள்ளி வைத்தார். "மஞ்ச சட்டை போட்டுக்கினு நிக்கிற பொண்டாட்டிய ஒருத்தனுக்குத் தெரியலன்னா அப்புறம் இன்னா கண்ணு அது? பின்னால ரெண்டு புள்ளைங்க வேற. அவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

தம்பி வாய் திறக்குமுன் இவரே சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். சொல்லவில்லை.

அறைக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஊருக்குப் போனதும் வண்டிய வித்துடலாம். மச்சானாண்ட சொன்னா ஆள் பாத்துக் கொடுப்பான்" என்றார்.

"சரி, பாக்கலாம்" என்றேன்.

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை மழுப்பாமல் சொல்கிறேன். பொய் சொன்ன கூச்சம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை காதைத் தெருவில் வைக்க வேண்டாம். லாரி இல்லை, மாடு இல்லை. இந்த மனிதர் வீட்டிலேயே, என் கண்முன்னாலேயே இருப்பார். நான் கேட்டு வாங்கவில்லையே, தானாக வந்ததுதானே, விட்டுவிடு என்று ஒரு குரல். சீ என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை.

மறுநாள் காலையில்தான் டூரின் சிகரம். அந்த நாட்டிலேயே உயரமான மலைக்கு ஏறுகிறோம். அதற்காகத்தான் எல்லோரும் வந்ததே. இவருடைய பைக்கைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். இவர் கூட நின்று முடிச்சுகளைச் சரி பார்த்தார். பிறகு என் ஸ்கூட்டரிடம் வந்து, குனிந்து இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கரெக்டா கீது. எறக்கத்துல பிரேக்க அப்படியே புடிச்சுக்கினே வராத. வுட்டு வுட்டுப் புடி. புரிஞ்சுதா?"

"ம்."

"இன்னா மூஞ்சி ஒரு மாதிரியா கீது? எனக்கோசரம் ஃபீல் பண்ணாத. நீ ஜாலியா ஓட்டு."

மலை அடிவாரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் போட்டுவிட்டு ஓரமாக வந்தேன். பிக்கப் வண்டி சாலையைப் பார்த்து நின்றது. இவர் முன் சீட்டில், ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் வருவதைக் கவனிக்கவில்லை. இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். எதிரே எதையோ உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி இந்தக் கண். மறுபடி அந்தக் கண். என்ன செய்கிறார் என்று முதலில் புரியவில்லை. அந்த ஊர் எழுத்து நமக்குப் படிக்க வராது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையில் எண்கள் இருந்தன. அதைத்தான் ஒவ்வொரு கண்ணாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"இந்தா, அந்த போர்டுல கடைசி நம்பர் ஏழுதானே? ஒண்ணு இல்லையே?"

ஏழுதான். பளிச்சென்று ஏழு.

முப்பது வருஷம் ஒரு வார்த்தை என்னைக் கடிந்து பேசாத மனிதர், தன் கண்ணையே நம்பாமல் என் கண்ணைக் கேட்கிறார்.

"ஏழுதாங்க" என்றேன். "உங்க கண்ணு நல்லாதான் இருக்கு. நேத்து நான் அங்க நிக்கல."

"இன்னா?"

"முனையில நான் நிக்கல. வெயில் தாங்கலன்னு உள்ள மரத்தடிக்குப் போயிட்டேன். சட்டையையும் கழட்டிட்டேன். நீங்க போனப்ப நான் குனிஞ்சு தண்ணி பாட்டிலைத் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்தது கரெக்ட். அங்க யாருமே இல்ல."

நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். பெட்ரோல் பங்க் மொத்தமும் கேட்டிருக்கிறது. தம்பி பாதி குடித்த டீயோடு நின்றார். குட்டை வாயைப் பிளந்தான்.

இவர் கதவைத் திறந்து இறங்கினார். "அடிப்பாவி!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கேம்ப் ரோடு புத்திய தாய்லாந்து வரைக்கும் தூக்கினு வந்தியாடி! தம்பி, கேட்டியா? யாருமே இல்ல! நான் கரெக்டாத்தான் பாத்துக்கீறேன்!" நெட்டையைக் கட்டிப் பிடித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அதோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை.

சிரித்து ஓய்ந்ததும் என்னிடம் வந்தார். சும்மாத்தான், கோபமே இல்லாமல் கேட்டார். "சரி, பயத்துல தம்பியாண்ட பொய் சொல்லிட்ட. ரூமுக்கு வந்தப்புறம் எங்கிட்ட ஏன் சொல்லல? வண்டிய விக்கிறேன்னு சொன்னேனே, அப்பக்கூட ஏன் சொல்லல?"

பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஆனால் ஒரு பொய்யிலிருந்து அப்போதுதான் கழன்று வந்திருந்தேன். இன்னொன்றுக்குள் போகத் தெம்பில்லை.

"நீங்க வண்டிய விட்டுட்டா நல்லதுன்னு நினைச்சேங்க. நீங்க போயிட்டு வர வரைக்கும் எனக்கு உயிர் இருக்கறதில்ல. அதான் பேசாம இருந்துட்டேன்."

அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கிப் போவதைப் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதை நீ சொல்லாமயே இருந்துருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். போய் பைக்கின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தம்பி என்னைப் பார்த்தார். நான் அவருக்கு வேலை வைக்கவில்லை. பைக் இறங்கிய இடத்தில் ஸ்கூட்டரை ஏற்றச் சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிக்கப்பின் முன் சீட்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். டிரைவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்திவைத்தார். மலை ஏற ஏறக் குளிர் கூடியது. முன்னால் வளைவுகளில் அவர் வண்டி தெரியும், மறையும், தெரியும். அப்பழுக்கு இல்லாமல் ஓட்டினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் ஒரே பனி. எல்லோரும் பலகையருகே நின்று படம் எடுத்தார்கள். நான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு காகிதக் கோப்பையில் சூடாக ஏதோ கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பலகைப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். ஊர் திரும்புகிற விமானத்தில் சாப்பாடு நன்றாக இல்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். மகளிடம் டூர் பிரமாதம் என்று இரண்டு பேருமே சொன்னோம். அந்தப் பெட்ரோல் பங்க் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வண்டியை விற்கவில்லை. ஊர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டார்ட் செய்துவிட்டுக் கிளம்பாமல் நின்றார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜாக்கிரதை என்று சொல்ல முடியுமா? மெதுவாகப் போங்கள் என்று சொல்ல முடியுமா? எதைச் சொன்னாலும் அது எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். பால்காரர் அப்போதுதான் எங்கள் கேட்டில் பை மாட்டிவிட்டுப் போயிருந்தார். பையில் இரண்டு பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"சரி" என்றார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான். நான் பால் கேட்பேன். அவர் சரி என்பார். மூன்று மணி நேரம் என் காது பழையபடி தெருவில்தான் இருக்கும், அது ஒன்றும் மாறவில்லை. பிறகு வாசலில் வண்டி நிற்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, ஏற்கெனவே பால் நிறைந்திருக்கிற ஃபிரிட்ஜைத் திறந்து, இடம் தேடி அந்தப் பாக்கெட்டை உள்ளே வைப்பார். இதுவரைக்கும் ஒரு வாரம்கூட மறந்ததில்லை.